மூளை முதுமை, அல்சைமர்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலைப் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மறதியோடு இருக்கும் பெரியவரை வீட்டில் வைத்துக் கவனிப்பவர்களும் நர்சிங், பார்மசி, உயிரியல் படிக்கும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மூளை முதுமையில் வேலை செய்யும் யாராவது ஒரு விஞ்ஞானியின் பெயரை இணையத்தில் தட்டினால் நூறு, நூற்றைம்பது கட்டுரைத் தலைப்புகள் வரிசையாக வந்து விழும். அதில் எது வீட்டில் இருக்கும் ஆயாவுக்குப் பொருந்தும், எது எலிக்கு மட்டும் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

பட்டியலில் நூறு கட்டுரைக்கு மேல் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

மேலிருந்து கீழே படிக்க வேண்டாம். முதலில் கடைசி ஐந்தாண்டில் வந்த ரிவ்யூ கட்டுரை ஒன்றை எடுங்கள். பிறர் கண்டதையும் தான் கண்டதையும் சேர்த்து ஆய்வாளர் கதையாகச் சொல்லியிருப்பது அதில்தான். ஆனால் ரிவ்யூவில் புதுத் தரவு இருக்காது, எழுதியவரின் சாய்வும் கலந்திருக்கும். அடுத்து மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள். அதன் பிறகு எலி, செல் வளர்ப்பு ஆய்வுகள். மாநாட்டுச் சுருக்கங்களை விட்டுவிடலாம்.

எந்தக் கட்டுரையாக இருந்தாலும் முன்னுரையைத் தாண்டி நேராக ஆய்வு செய்த விதத்தைச் சொல்லும் 'மெத்தட்ஸ்' பகுதிக்குப் போய் மூன்றைத் தேடுங்கள்: யாரிடம் அளந்தார்கள், எதை அளந்தார்கள், எவ்வளவு காலம். செய்தித்தாளில் 'மறதிக்கு மருந்து' என்று வந்த பல கட்டுரைகளில் இந்த மூன்றுக்கும் விடை 'பத்து எலி, மூளையில் படிந்த புரதம், எட்டு வாரம்' என்ற அளவில்தான் இருக்கும்.

'பிரீபிரிண்ட்' என்று போட்டிருந்தால், வேறு நிபுணர்கள் சரிபார்ப்பதற்கு முன்பே ஆய்வாளர் வெளியிட்டது என்று பொருள். அதுவே பின்னால் ஆய்விதழில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் எண்கள் மாறியிருப்பதும் உண்டு.

ஒரு கட்டுரையில் முப்பது பேர் பெயர். யார் உண்மையில் செய்தவர்?

உயிரியல், மருத்துவத் துறைகளில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்த ஆராய்ச்சி மாணவர் அல்லது முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர். கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். நடுவில் இருப்பவர்கள் மாதிரி கொடுத்தவர், ஸ்கேன் எடுத்தவர், புள்ளிவிவரம் பார்த்தவர். ஒருவர் பெயரில் ஒரே ஆண்டில் முப்பது கட்டுரை வந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். மரபணு ஆய்வுகளில் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதுவார்கள். 2013இல் வந்த ஒரு கூட்டாய்வில் மட்டும் 74,046 பேரின் மரபணுத் தரவு இருந்தது. அந்த மாதிரிக் கட்டுரையில் நடுவில் பெயர் இருப்பதும், பத்துப் பேர் ஆய்வகத்தில் கடைசிப் பெயராக இருப்பதும் ஒரே எடை இல்லை.

டிமென்ஷியாவும் அல்சைமரும் ஒன்றா?

இல்லை. டிமென்ஷியா என்பது அன்றாட வேலையைக் கெடுக்கும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குறைந்த நிலை. அதற்கு மிக அதிகமாகக் காரணமாக இருப்பது அல்சைமர். மூளை ரத்தக்குழாய் அடைப்பு, லூயி பாடி என்ற புரதத் திரள், முன்மூளைச் சிதைவு ஆகியவையும் காரணங்கள். எண்பது வயதுக்கு மேல் இறந்தவர்களின் மூளையைப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவை கலந்தே இருக்கும்.

வயதானால் மூளை சுருங்குவது இயல்புதானே? நோயை எப்படிப் பிரிக்கிறார்கள்?

சுருங்கத்தான் செய்யும். அறுபதுக்கு மேல் மூளையின் மொத்தப் பருமன் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் குறையும். நினைவைப் பதிக்கும் பகுதியான ஹிப்போகாம்பஸ் நலமாக உள்ள முதியவரிடம் ஆண்டுக்கு 1 முதல் 1.5 சதவீதம் சுருங்கினால், அல்சைமரில் அது 3 முதல் 5 சதவீதம் வரை போகும். அதனால்தான் ஒரே ஒரு எம்ஆர்ஐயை வைத்து 'வயசுக்குத் தகுந்த சுருக்கம்' என்று எழுதிக் கொடுக்கும் ரிப்போர்ட் பாதி விடை மட்டுமே. ஓராண்டு, ஈராண்டு இடைவெளியில், முடிந்தால் அதே கருவியில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை ஒப்பிடுவதில்தான் விஷயம் இருக்கிறது.

வயதானால் தினமும் ஆயிரக்கணக்கில் நரம்புச் செல் சாகும் என்ற பழைய நம்பிக்கை இப்போது நிற்கவில்லை. செல்களை முறையாக எண்ணும் உத்திகள் வந்த பிறகு, 20 வயதுக்கும் 90 வயதுக்கும் நடுவில் மூளைப் புறணியில் குறைவது சுமார் 10 சதவீதம் என்று 1997இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1994இல், ஹிப்போகாம்பஸின் சிஏ1 என்ற பகுதியில் அல்சைமர் நோயாளிகளுக்குப் பெரும் செல் இழப்பு இருப்பதும் இயல்பான முதுமையில் அது இல்லாததும் 'லான்செட்' இதழில் வந்தது. ஆக, அல்சைமர் என்பது வேகமாக வந்த முதுமை மட்டும் அல்ல; சேதம் ஆகும் இடமே வேறு.

வீட்டில் பார்க்கக்கூடிய வித்தியாசமும் இதை ஒட்டியதே. பெயர் உடனே வராமல் பிறகு வருவது, ஒரு வேலையை முடிக்க முன்னைவிட நேரம் எடுப்பது முதுமை. காலையில் பேசியதைப் பேசியதாகவே தெரியாமல் இருப்பது, பழகிய சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தவறுவது, சில்லறைக் கணக்கில் புதிதாகத் தடுமாறுவது மருத்துவரிடம் காட்ட வேண்டியவை.

அமைலாய்டு, டௌ என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அவை என்ன?

ஜெர்மனி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906 நவம்பரில் டூபிங்கன் கூட்டத்தில் ஒரு பெண் நோயாளியின் மூளையைப் பற்றிப் பேசினார். வெள்ளிச் சாயம் ஏற்றிய மெல்லிய சீவலில், செல்களுக்கு வெளியே திட்டுகளும் செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூல் கற்றைகளும் தெரிந்தன. வெளியே உள்ள திட்டின் முக்கியப் பொருள் பீட்டா அமைலாய்டு என்ற புரதம். அதை 1984இல் பிரித்தெடுத்தார்கள். உள்ளே இருக்கும் முறுக்கு, டௌ என்ற புரதம்.

அமைலாய்டு சேர்வதுதான் முதல் அடி, டௌவும் செல் சாவும் அதன் விளைவு என்ற கருதுகோளை 1992இல் ஹார்டி, ஹிக்கின்ஸ் இருவரும் முன்வைத்தார்கள். ஆதரவு வலுவானது: அமைலாய்டின் தாய்ப் புரதத்துக்கான மரபணு 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது, அந்தக் குரோமோசோம் மூன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே திட்டுகள் வருகின்றன. எதிர்ப்பும் வலுவானதுதான். மறதியின் அளவு திட்டுகளோடு அவ்வளவாகப் பொருந்துவதில்லை. டௌ பரவிய தூரத்தோடும், அதைவிட சினாப்ஸ் என்ற நரம்பு இணைப்புகள் குறைந்த அளவோடும்தான் பொருந்துகிறது. டௌ எந்த வரிசையில் பரவுகிறது என்பதை 1991இல் பிராக் தம்பதி ஆறு படிகளாக வகுத்தார்கள். கட்டுரையில் 'பிராக் நிலை 3' என்று வந்தால் அதுதான்.

அமெரிக்கக் கன்னியாஸ்திரிகள் 678 பேர் இறந்த பின் மூளையைத் தர ஒப்புக்கொண்ட ஆய்வு ஒன்று 1980களில் தொடங்கியது. மூளை நிறையத் திட்டும் முறுக்கும் இருந்தும் கடைசி வரை தெளிவாக இருந்தவர்கள் அவர்களில் உண்டு. 'மூளையில் அமைலாய்டு கண்டோம்' என்று சொல்லும் எந்தக் கட்டுரையையும் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

அமைலாய்டு ஆராய்ச்சியே மோசடி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

ஒரு கட்டுரையின் கதையை ஊதிப் பெரிதாக்கிய செய்தி அது. மினசோட்டா பல்கலைக்கழகக் குழு 2006இல் 'நேச்சர்' இதழில், அமைலாய்டின் ஒரு குறிப்பிட்ட கூட்டு வடிவம் எலிகளுக்கு மறதி தருகிறது என்று எழுதியது. அதில் உள்ள படங்கள் திருத்தப்பட்டவை என்று 2022இல் 'சயன்ஸ்' இதழ் விசாரித்து எழுதியது. 2024 ஜூனில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அந்த ஒரு கூட்டு வடிவத்தின் மேல் கட்டிய வேலைகள் வீணாயின. 1984 கண்டுபிடிப்போ, மரபணுச் சான்றுகளோ அந்தக் கட்டுரையின் மேல் நிற்கவில்லை.

பட்டியலில் உள்ள கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்க, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தலைப்பைத் தேடுங்கள். திரும்பப் பெற்றதாக இருந்தால் தலைப்புக்கு மேலேயே அறிவிப்பு இருக்கும். படங்களைப் பற்றிய சந்தேகங்களைப் பப்பியர் என்ற தளத்தில் பார்க்கலாம். அங்கே ஒரு குறிப்பு இருப்பதாலேயே மோசடி என்று முடிவு கட்டக்கூடாது. பல குறிப்புகள் தவறான பட அளவுகோல் போன்ற சின்ன விஷயங்கள்.

எலிக்கு அல்சைமர் வருமா? எலி ஆய்வுகளை எவ்வளவு நம்பலாம்?

சாதாரண எலிக்கு வயதானாலும் அமைலாய்டுத் திட்டு வராது. இளவயதில் அல்சைமர் வரும் அபூர்வக் குடும்பங்களில் கண்ட மனித மரபணு மாற்றத்தை எலிக்குள் புகுத்தி, திட்டு வரவழைக்கிறார்கள். அந்த மாதிரிக் குடும்பங்கள் மொத்த நோயாளிகளில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதோடு, இந்த எலிகளில் பெரும்பாலானவற்றில் திட்டு வரும், டௌ முறுக்கு வராது, செல்லும் பெரிதாகச் சாகாது. திட்டைக் குறைக்கும் மருந்து எலிக்கு நினைவைத் திருப்பித் தருவதும் அதே மருந்து மனிதரிடம் தோற்பதும் ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

நினைவை அளக்கும் வழக்கமான சோதனை மோரிஸ் நீர்த்தொட்டி. கலங்கலாக்கிய நீரில், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு மேடை மறைந்திருக்கும். சுவரில் ஒட்டிய அடையாளங்களைப் பார்த்து எலி அந்த இடத்தை நினைவில் வைக்க வேண்டும். மேடையை அடைய எத்தனை வினாடி என்று எண்ணுவார்கள். இங்கே தவறு நுழையும் வழிகள் பல. ஆய்வக எலி இனங்கள் சிலவற்றுக்குப் பரம்பரையாகவே விழித்திரை கெடும். கண் தெரியாத எலியை மறதி எலி என்று எழுதிவிடலாம். மெதுவாக நீந்தும் எலிக்கும் அதே கதி. ஆகவே நல்ல கட்டுரையில் நீந்திய வேகமும், மேடை வெளியே தெரியும்படி வைத்துச் செய்த சரிபார்ப்பும் இருக்கும். ஆண் எலி, பெண் எலி தனித்தனியாகச் சொல்லப்பட்டிருக்கும். எது மருந்து வாங்கிய எலி என்று அளந்தவருக்குத் தெரியாது என்ற வரியும் இருக்கும். இந்த வரி இல்லாத எலிக் கட்டுரையை அடுத்த பக்கம் திருப்பிவிடலாம்.

புதிய மருந்து நோயை 27 சதவீதம் குறைத்தது என்கிறார்கள். என்ன அர்த்தம்?

மூளையில் அமைலாய்டைக் குறைக்கும் லெக்கானெமாப் என்ற மருந்தின் ஆய்வு அது. 1,795 பேர், 18 மாதம், எல்லாருமே மிக ஆரம்ப நிலை. நினைவும் அன்றாட வேலையும் எவ்வளவு கெட்டது என்று மதிப்பிடும் அளவுகோல் 0 முதல் 18 வரை செல்லும். எண் கூடக்கூட நோய் முற்றியது. மருந்து வாங்காத குழு சராசரியாக 1.66 புள்ளி மோசமானது, வாங்கிய குழு 1.21. வித்தியாசம் 0.45. அந்த 0.45ஐ 1.66ஆல் வகுத்தால் 27 சதவீதம். கணக்கு சரி, ஆனால் 18 புள்ளி அளவுகோலில் அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தை வீட்டில் இருப்பவர் கண்ணால் கண்டுபிடிக்க முடியுமா என்பது இன்றும் நிபுணர்களுக்குள் சண்டை. இரு குழுவுமே மோசமாகித்தான் போனது, வேகத்தில்தான் வித்தியாசம். யாருக்கும் போன நினைவு திரும்பவில்லை.

பக்கவிளைவு: மருந்து வாங்கியவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, வாங்காதவர்களில் 1.7. அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபோஇ4 மரபணு இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழி மருந்து, தொடங்கும் முன் மூளையில் அமைலாய்டு இருப்பதை உறுதி செய்யும் சோதனை, நடுவில் பலமுறை எம்ஆர்ஐ. அரூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ இதற்காக மாதம் இருமுறை பெருநகர் போய் வருவதை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் 'திருப்புமுனை' என்ற சொல்லைப் படிக்க வேண்டும். இதே வழியில் 2021இல் அமெரிக்க அனுமதி பெற்ற அடுகனுமாப் என்ற மருந்து 2024இல் கைவிடப்பட்டதும் நினைவிருக்கட்டும்.

ரத்தப் பரிசோதனையிலேயே அல்சைமர் தெரிந்துவிடுமாமே?

டௌ புரதத்தின் ஒரு வடிவத்தை ரத்தத்தில் அளக்கும் பி-டௌ217 என்ற அளவு நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவில் 2025 மே மாதம் இதை அமைலாய்டோடு சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் மறதி உள்ளவர்களிடம், சிறப்பு மருத்துவரின் பரிசோதனையோடு சேர்த்துப் பயன்படுத்துவதற்கான அனுமதி அது. மறதியே இல்லாதவர் ஹெல்த் செக்கப் மாதிரி எடுக்க வேண்டாம். சிறுநீரகம் சரியில்லாதவருக்கு இந்த அளவு பொய்யாகவே கூடிக் காட்டும். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் நம் பக்கம் எத்தனை பேர் என்பதைச் சொல்லவே வேண்டாம். எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து உடனே உறைய வைக்காவிட்டாலும், தவறான குழாயில் வைத்து அமைலாய்டு பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டாலும் எண் மாறும். மாதிரியை எப்படிக் கையாண்டார்கள் என்று ஒரு வரி கூட இல்லாத ரத்தக் கட்டுரையை நம்பாதீர்கள்.

பள்ளிக்கூடமே போகாத ஆயாவுக்கு மறதிச் சோதனையில் 30க்கு 21 மதிப்பெண் என்றார்கள். அல்சைமரா?

அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இந்தப் பகுதிக்கு இதுதான் மிக முக்கியமான கேள்வி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டம் தருமபுரி. இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் பெண்களில் பள்ளி வாசலை மிதிக்காதவர்கள் ஏராளம்.

உலகம் முழுக்கப் பயன்படும் எம்எம்எஸ்இ என்ற மறதிச் சோதனைத் தாள் 1975இல் அமெரிக்காவில் வந்தது. மொத்தம் 30 மதிப்பெண், 24க்குக் கீழே போனால் சந்தேகம். அதைப் பிரித்துப் பாருங்கள். எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்ய 1, ஒரு வாக்கியம் எழுத 1, இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1, நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போக 5. இந்த எட்டும் பள்ளிக்கூடம் சொல்லித்தரும் வித்தை. முழு நினைவோடு இருக்கும் ஆயாவே 22இல் நின்றுவிடலாம். தேதி கேட்டால் 'ஆடி பதினெட்டு கழிஞ்சு நாலு நாள்' என்பார். கேட்டவர் கையில் உள்ள தாளில் ஆகஸ்ட் என்றிருப்பதால் தவறு போடுவார். அந்த விடையைச் சரி என்று போட வேண்டும்.

இதற்காகவே 1990களில் ஹரியானா கிராமத்தில் இந்தி எம்எஸ்இ என்ற மாற்றுத் தாள் உருவானது. படித்துச் செய்வதற்குப் பதில், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதே மாதிரி கண்ணை மூடச் சொல்வார்கள். எழுதுவதற்குப் பதில் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்வார்கள். பட்டியலில் உள்ள கட்டுரை இந்தியக் கிராமத்தைப் பற்றியது என்றால், எந்தத் தாளைப் பயன்படுத்தினார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனி வரம்பு வைத்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்கள் அளந்தது மறதியை அல்ல, படிப்பை.

மருத்துவமனையில் நீங்கள் கேட்க வேண்டியது: வீட்டில் பேசும் மொழியிலேயே கேளுங்கள் என்று. ஓசூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பெரியவரிடம் தமிழ்த் தாளை வைத்துப் பார்ப்பது தவறான எண்ணையே தரும். கண்ணாடி, காது கருவி இருந்தால் மாட்டிவிட்டே உட்கார வையுங்கள். எண்ணைவிடப் பயன் தருவது, ஆறு மாதத்துக்கு முன் தனியாகச் செய்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை என்ற பட்டியல்: மாத்திரை எடுப்பது, ரேஷன் வாங்குவது, பேருந்து பிடிப்பது, களி கிண்டுவது.

இரண்டு மூன்று மொழி பேசினால் மறதி தள்ளிப்போகுமா?

ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் 648 டிமென்ஷியா நோயாளிகளை வைத்து சுவர்ணா அல்லாடி குழு 2013இல் வெளியிட்டதில், இருமொழி பேசுபவர்களுக்கு நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிலும் அந்த வித்தியாசம் இருந்தது. மூன்று மொழி புழங்கும் ஓசூர்க்காரர்களுக்கு இனிப்பான செய்தி. ஆனால் இது நோய் வந்த பிறகு, எப்போது தொடங்கியது என்று குடும்பத்தாரைக் கேட்டுச் செய்த கணக்கு. நலமாக உள்ளவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகள் இதே முடிவை எப்போதும் தரவில்லை.

எங்கள் ஊர் ஃப்ளோரைடு தண்ணீரால் ஞாபக மறதி வருமா? அலுமினியப் பாத்திரம்?

நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் போனால் பல்லும் எலும்பும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டதன் காரணமே அதுதான். அந்த அளவுக்கு மேல் குடித்து வளரும் குழந்தைகளின் அறிவுத்திறன் பற்றிய கவலைக்கும் ஆய்வு ஆதாரம் இருக்கிறது. முதியோர் டிமென்ஷியாவுக்கு அது காரணம் என்று நிறுவப்படவில்லை. குழாய்த் தண்ணீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சிக் குடித்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அலுமினியக் கதை 1965இல் முயல் மூளையில் அலுமினிய உப்பை ஏற்றிய சோதனையில் தொடங்கியது. முயலுக்கு வந்த முறுக்கு அமைப்பில் வேறு என்று பிறகு தெரிந்தது. திட்டுகளில் அலுமினியம் இருப்பதாகச் சொன்ன சில அளவீடுகளில், அது சாயத்தோடு வந்த அழுக்காக இருக்கலாம் என்று 1992இல் சாயம் ஏற்றாத சீவல்களை அளந்தவர்கள் காட்டினார்கள். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்காமல் இருப்பது நல்லதுதான், ஆனால் அல்சைமருக்குப் பயந்து பாத்திரத்தை மாற்றத் தேவையில்லை.

ராகிக் களி, வல்லாரை, தேங்காய் எண்ணெய்?

மனிதரிடம் அல்சைமரைத் தடுத்ததாக மூன்றுக்கும் உறுதியான ஆய்வு இல்லை. களி சாப்பிடுங்கள், சர்க்கரை இருந்தால் அளவைப் பாருங்கள்.

அப்படியானால் தடுக்க எதற்குத்தான் ஆதாரம் இருக்கிறது?

2024இல் 'லான்செட்' இதழின் நிபுணர் ஆணையம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சேர்த்தால் உலக டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதம் வரும் என்று கணக்கிட்டது. காது மந்தமும் கெட்ட கொலஸ்ட்ராலும் ஆளுக்கு 7 சதவீதம், சிறுவயதில் படிப்பு இல்லாமை 5, தனிமை 5. இவை மக்கள்தொகைக் கணக்கு. ஒருவர் காதுக்கருவி மாட்டினால் அவருக்கு 7 சதவீதம் குறையும் என்று படிக்கக்கூடாது.

காதுக்கருவியையே சோதித்த ஓர் ஆய்வு 2023இல் வந்தது: 977 பேர், 3 ஆண்டு. மொத்தக் குழுவில் பலன் இல்லை. ஏற்கெனவே ஆபத்து கூடிய துணைக்குழுவில் மட்டும் சரிவு 48 சதவீதம் மெதுவானது. தலைப்புச் செய்தியில் 48 மட்டும்தான் வந்தது.

ரத்த அழுத்தத்தில் ஆதாரம் இன்னும் திடமானது. 9,361 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் மேல் அழுத்தத்தை 140க்குக் கீழ் என்பதற்குப் பதில் 120க்குக் கீழ் வைத்தபோது லேசான நினைவுக் குறைவு 19 சதவீதம் குறைந்தது. டிமென்ஷியாவும் குறைந்தாற்போல் தெரிந்தது, ஆனால் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தியதால் போதிய ஆட்களுக்கு நோய் வரவில்லை. சர்க்கரை நோயாளிகள் அதில் சேர்க்கப்படவே இல்லை. நிற்கும்போது தலைசுற்றி விழும் முதியவருக்கு 120ஐத் துரத்தக் கூடாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வீடு தேடி அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. நாற்பது, ஐம்பது வயதில் அந்த மாத்திரையை விடாமல் போடுவதுதான், நம் ஊரில் எளிதாகக் கைக்கு எட்டும் மூளைப் பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து.

வீட்டில் ஒருவருக்கு மறதி கூடுகிறது. முதலில் என்ன பார்க்க வேண்டும்?

திருத்தக்கூடியவற்றை. பி12, தைராய்டு, சர்க்கரை, சோடியம், சிறுநீரகம், ரத்த எண்ணிக்கை ஆகிய ரத்தப் பரிசோதனைகள், ஒரு தலை ஸ்கேன். வண்டியிலோ குளியலறையிலோ விழுந்து சில வாரம் கழித்து மந்தமானால், மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்திருக்கலாம். காத்திருக்காமல் ஸ்கேன் எடுங்கள். சில நாளுக்குள் திடீரென்று குழம்பினால் அது அல்சைமர் நடக்கும் விதம் அல்ல, சிறுநீர்த் தொற்றோ நீர்ச்சத்துக் குறைவோ இருக்கலாம். மறதியோடு நடை குறுகி, கால் தரையில் ஒட்டினாற்போல் இழுத்து, சிறுநீரும் அடங்கவில்லை என்றால் மூளை நீர் தேக்கம் பற்றிக் கேளுங்கள். அறுவைச் சிகிச்சையில் சரியாகக்கூடிய சிலவற்றில் அது ஒன்று.

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில், சிறுநீர் அடக்கத் தரும் ஆக்ஸிபியூட்டினின், சளி மருந்தில் இருக்கும் குளோர்பெனிரமின் எல்லாம் முதியவருக்கு மறதியைக் கூட்டும். மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருளை இவை தடுக்கின்றன. அல்சைமருக்குத் தரும் டோனெபெசில் அதே பொருளைக் கூட்டுகிறது. ஒரே சீட்டில் இரண்டும் இருந்தால் ஒன்று மற்றதை அடித்துவிடும். நேரடியாக மருத்துவரிடம் கேளுங்கள், தானாக நிறுத்த வேண்டாம்.

டோனெபெசில் 5 மி.கி.யில் தொடங்கி, நாலு முதல் ஆறு வாரம் கழித்து ஒத்துக்கொண்டால் 10 ஆகும். வயிற்றுப்போக்கு, குமட்டல், நாடி குறைவது பார்க்க வேண்டியவை. இரவில் பயங்கரக் கனவு வந்தால் காலையில் தரலாமா என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு இருந்தது. எனக்கும் வருமா? மரபணு டெஸ்ட் எடுக்கலாமா?

பெரும்பாலானோருக்கு வேண்டாம். ஏபோஇ4 ஒரு பிரதி இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு, இரண்டு இருந்தால் பத்து மடங்கு பக்கம்; ஆனால் அது இருந்தும் வராதவர்களும், இல்லாமலே வந்தவர்களும் நிறைய. குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக அறுபதுக்கு முன்பே வந்திருந்தால் மட்டும் மரபணு ஆலோசனை கேட்பது பொருத்தம்.

கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறது.

தலைப்பை பப்மெட் சென்ட்ரலில் தேடுங்கள். அரசு நிதியில் நடந்த ஆய்வுகளில் பல அங்கே இலவசம். இல்லையென்றால் கட்டுரையில் உள்ள தொடர்பு மின்னஞ்சலுக்கு இரண்டு வரி எழுதுங்கள். பலர் மகிழ்ச்சியாக அனுப்புவார்கள்.

நம் பக்கத்து மக்களை வைத்து ஆய்வு ஏதும் நடக்கிறதா? சேரலாமா?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம், பக்கத்துக் கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்தில் 45 வயதுக்கு மேற்பட்ட கிராம மக்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வை நடத்துகிறது. இலக்கு 10,000 பேர். ராகியும் மாமரமும் உள்ள அந்த ஊர் நம் வாழ்க்கைக்கு நெருக்கமானது. நியூயார்க் ஆய்வைவிட அங்கிருந்து வரும் கட்டுரைகளை முதலில் படியுங்கள். லாசி-டாட் என்ற, நாடு தழுவிய முதியோர் டிமென்ஷியா ஆய்வு 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா என்று மதிப்பிட்டது. பெண்களிடமும் கிராமங்களிலும் படிப்பில்லாதவர்களிடமும் அது அதிகம்.

யாராவது மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேட்டுச் சரிபாருங்கள். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அதில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியும் இருக்க வேண்டும். ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்கான ஸ்கேனுக்கோ உங்களிடம் பணம் கேட்டால் கையெழுத்துப் போடாமல் திரும்பி வந்துவிடுங்கள்.